பனியில் பதிந்த கட்டைவிரல்

அந்தப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மலையக்கா’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்தப் பட்டத்தைக் கேட்டுவிட்டு ஏதோ மலை போல ஒரு பெண்மணி வரப்போகிறாள் என்று எதிர்பார்ப்பார்கள். வருவதோ ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடுவார்கள்.

“சிரிச்சுக்கங்க. அப்புறம் மேசைகிட்ட வந்து பாருங்க” என்பாள் அவள், கோபமே இல்லாமல்.

அவள் செய்த மலைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓட்டல் அறையில் கட்டிலுக்கு மேலே, வங்கி மேலாளரின் முதுகுக்குப் பின்னால், ஆஸ்பத்திரியில் நம் முறைக்காகக் காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே ஒரு படம் மாட்டியிருக்குமே, அதேதான். மேலே வானம், நடுவில் பனி மூடிய மலை, கீழே ஓர் ஏரி, ஏரிக்கரையில் ஊசி ஊசியாய் மரங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் மலை மட்டும் துணியிலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும். விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். யாரும் பார்க்காத சமயத்தில் தொட்டும் பார்த்திருப்பீர்கள். மறைக்காதீர்கள்!

ஆனால் அதை ஒரே ஆள் வரைந்தார் என்று நினைத்திருந்தால் ஏமாந்தீர்கள். ஒரு படத்துக்கு மூன்று பேர். வானம் போடுகிறவர் முதலில். அவர் மேல்பாதியை முடித்துக் காயவைத்த பிறகு கேன்வாஸ் மலையக்காவின் மேசைக்கு வரும். மலை முடிந்து அதன் ஈரம் சற்று இறுகியதும் ஏரிக்காரர் கைக்குப் போகும். ஏரிக்காரர் என்றால் ஏரியும் மரமும் போடுகிறவர். கடைசியில் ஒரு மூலையில் யாருக்கும் புரியாத கிறுக்கலாக ஒரு கையெழுத்து. அது மூன்று பேரில் யாருடைய கையெழுத்தும் இல்லை. அப்படி ஓர் ஆளே இல்லை.

மலையக்கா பிரஷ் பிடிக்க மாட்டாள். முனை மழுங்கிய மெல்லிய கத்திதான் அவளுடைய கருவி. கொத்தனார் சுவருக்குக் கலவை பூசுகிற மாதிரி சாம்பலும் ஊதாவும் பழுப்புமாகப் பெயின்டை அள்ளி அப்புவாள். பாறை எழும்பும், பள்ளம் விழும். எல்லாம் முடிந்தபின் பனி. வெள்ளையைக் கத்தியின் அடியில் அள்ளி, அழுத்தாமல், ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். ‘சரியாக வரவில்லையே’ என்று திரும்பக் கத்தியைக் கொண்டுபோனால் அடியிலிருக்கும் சாம்பல் கலந்து பனி அழுக்காகிவிடும். இன்னொன்று, அந்த வெள்ளை காய்வதற்கு மாசக்கணக்காகும். காய்ச்சிய பாலின்மேல் ஆடை கட்டுவதுபோல மேலே ஒரு தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று ஏமாறுகிறவர்கள் உண்டு.

மனிதர்களிலும் அப்படிச் சிலர் இல்லையா!

வானம் போட்டவர் அவளுடைய கணவர்.

அவர் கணவராவதற்கு முன்பே வானக்காரர்தான். மேகத்துக்கு அவர் பிரஷ்ஷே எடுக்க மாட்டார். வெள்ளையைத் தொட்டு வைத்துவிட்டுக் கட்டைவிரலால் வட்ட வட்டமாகத் தேய்ப்பார். அந்த விரல் தேய்ந்து தேய்ந்து அகன்று தட்டையாகிப் போயிருந்தது. அதன் நகக்கண்ணில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும். டர்பன்டைன் போட்டு உரசினாலும் போகாது.

“சாப்பிடும்போதாவது அந்த வானத்தைக் கழுவிட்டு வாங்களேன்” என்பாள் கல்யாணமான புதிதில்.

“கழுவினா மழை வந்துடும்டி” என்பார்.

அவர் அவளை முதன்முதலில் வம்புக்கு இழுத்ததே அந்தக் கட்டைவிரலால்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. யாரிடமும் பேச மாட்டாள். அவர் பிரஷ் கழுவப் போகிற சாக்கில் அவள் மேசைப் பக்கம் வந்தார். அவள் அப்போதுதான் இழுத்து முடித்த ஈரப் பனியில் நடுவாந்தரமாகக் கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல நடந்துபோனார். உச்சியில் ஒரு குழி!

அவளுக்கு வந்ததே கோபம். “ஏங்க, உங்க வானத்துல நான் கை வெக்கிறேனா?”

“வைங்களேன். யார் வேணாம்னா?”

பட்டறையே சிரித்தது. அவள் முகம் சிவந்து, கத்தியில் துளி வெள்ளையை எடுத்து, குழியின்மேல் ஒரே இழுப்பில் தடவிவிட்டாள். குழி போயிற்று. அன்று மாலை அவள் வேலை முடிந்து படியிறங்கியபோது அவர் கேட்டருகே விளக்குக் கம்பத்தின்கீழ் நின்றுகொண்டிருந்தார். “பஸ் ஸ்டாப் வரைக்கும் வரலாமா?” என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் கூட வந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அது அவர்களுக்குள் ஒரு பாஷையாகிவிட்டது. காலையில் வீட்டில் சண்டை வந்தால், மதியத்துக்குள் அவள் பனியில் ஒரு கட்டைவிரல் குழி விழும். ‘இன்னும் கோபமா?’ என்று அர்த்தம். அவள் தடவிவிட்டால் கோபம் தீர்ந்தது. தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். சாயங்காலம் அவளுக்கு முன்பே கீழே போய்க் கேட்டருகே நிற்பார், அவளுடைய பையை வாங்கிக்கொள்ள. தடவாமல் விட்டுவைத்தாளோ, போச்சு. மனுஷன் பிரஷ் கழுவும் தொட்டிக்கும் தன் மேசைக்குமாக நாலு தரம் நடப்பார். குழி அப்படியே இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். அவர் முகம் தொங்கிப்போவதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிடும். எப்பேர்ப்பட்ட சண்டையும் அந்தச் சாயங்காலத்தைத் தாண்டியதில்லை.

ஒன்றைத் தவிர.

ஒருநாள் பெரிய ஓட்டல்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவருடைய வரவேற்புக் கூடத்துக்கென்று சுவர் நீளத்துக்கு ஒரு படம் தயாராகியிருந்தது. அதில் மலை போட்டு முடிப்பதற்குள் மலையக்காவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வந்தவர் நேராக மலையில் கை வைத்தார்.

“அடேங்கப்பா! மலையே நடந்து வந்து நிக்கிற மாதிரி இருக்கே. யார் வரைஞ்சது?”

அவள் பின்னால் நின்று அவசர அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. முதலாளி முந்திக்கொண்டார். வானக்காரரின் தோளில் கை போட்டு முன்னால் இழுத்து, “இவர்தான் சார் நம்ம ஓவியர்” என்றார்.

அவர் ஒருதரம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர், “ஆமாங்க” என்றார்.

போட்டோ பிடித்தார்கள். அவர் கையில், அவர் வாழ்நாளில் பிடித்தறியாத கத்தியைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். அவளுடைய கத்தி!

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டாள். “மலையும் உங்களுதா?”

“முதலாளி சொல்லிட்டாரும்மா. ஒரு படத்துக்கு மூணு பேருன்னா வாங்கறவங்களுக்கு மதிப்பா இருக்காதாம். நான் என்ன பண்ண?”

“வாய் இருந்துச்சுல்ல? மலை என்னுதுன்னு சொல்ல வேண்டாம். என் பொண்டாட்டியும் இதுல இருக்கான்னு ஒரு வார்த்தை? அதுக்குக்கூடவா முதலாளிகிட்ட உத்தரவு கேக்கணும்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். ஆண்பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள் தொண்டைவரை வந்து அங்கேயே குடியிருந்துவிடும். அவள் அன்றைக்கு மூடிய வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகள் இல்லாத வீடு. நடுவில் தூது போகவும் ஆள் கிடையாது. அதனால் அவள் கதவோடு பேசினாள். “சாப்பாடு ஆறுது. பசிக்கிறவங்க சாப்பிடலாம்” என்று கதவிடம் சொல்வாள். அவர் சுவர்க் கடிகாரத்திடம் கேட்பார்: “குடை எங்க இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?” அவள் கதவுக்குத் தகவல் தருவாள்: “அலமாரிக்குப் பின்னாடி, போன வருஷத்துலேர்ந்து அங்கதான் இருக்கு.” கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அந்த வீட்டுக்குள் இருந்த இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரே பஸ்ஸில் போவார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். டிக்கெட் மட்டும் அவர்தான் இரண்டாக வாங்குவார்.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று தடவை அவள் பனியில் குழி விழுந்தது. அவள் தடவிவிடவில்லை. சும்மாவும் விடவில்லை. கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, அந்தப் பனியையே சுரண்டி எடுத்துக் கந்தல் துணியில் துடைத்தெறிந்துவிட்டுப் புதிதாக வைத்தாள். தடவுவது வேறு, சுரண்டுவது வேறு. அவர் தன் மேசையிலிருந்து அதைப் பார்த்தார். அப்புறம் அவர் விரல் அந்தப் பக்கம் வரவில்லை. மழைக்காலம் ஒன்று வந்து போயிற்று.

ஒருநாள் அவளுக்கு ஜலதோஷம், தலைவலி. ஒரு படத்துக்குப் பனி வைத்து முடித்ததும் மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவர் வேலை முடிந்து வழக்கமான பஸ்ஸில் வந்தார். வந்தவர் அன்று ஏனோ கொஞ்சம் தெளிவாக இருந்தார். கடிகாரத்தைப் பார்த்து, “நாளைக்கு வெயில் நல்லா இருக்கும்போல” என்றுகூடச் சொன்னார். அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் கிளம்புவதற்காக நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு செருப்பைப் போட்டார். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவள் கதவைத் திறந்துவிட்டு, கதவிடம், “பஸ் போயிடும்னு யாராவது சொன்னாத் தேவலை” என்றாள்.

திரும்பிப் பார்த்தாள். அவர் தலை சாய்ந்திருந்தது; செருப்பு கையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. பாவி! அவள் அவரோடு பேசிய கடைசி வார்த்தையையும் கதவுதான் வாங்கிக்கொண்டது.

அதற்கப்புறம் அவள் பல வாரம் பட்டறைப் பக்கம் போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். “மலை போல வந்த துக்கமும் பனி போல விலகிடும்மா” என்றாள் எதிர்வீட்டு டீச்சர். அவளுக்கு உள்ளூர ஒரு கசந்த சிரிப்பு வந்தது. அவளுடைய தொழிலில் பனி எங்கே விலகுகிறது? கடைசிவரை காயாமல் கிடப்பதே பனிதானே.

திரும்பி வேலைக்குப் போனபோது, அவர் போட்டுக் காயவைத்திருந்த வானங்கள் ஒரு வரிசை சுவரோரம் சாய்ந்து நின்றன. அதைப் பார்த்ததும்தான் பட்டறையில் முதன்முறையாக அழுதாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மலை வைத்தாள். வேகமாக வேலை செய்கிறவள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள். என்ன செய்தாலும் ஒரு வரிசைக்கு ஒரு முடிவு உண்டல்லவா? கடைசி வானத்துக்கும் மலை வைத்தாயிற்று. அதுவும் ஏரிக்காரரிடம் போய், வார்னிஷ் அடித்து, யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது. புதிதாக வந்த வானக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய வானம் துணிக்குப் போடுகிற நீலம் மாதிரி பளீரென்று இருக்கும். மேகத்தை பிரஷ்ஷால் ஒற்றுவார். அந்த வானத்தில் தன் மலை ஒட்டாமல் தனியாக நிற்பதாக அவளுக்குத் தோன்றும். வீட்டுக்குப் போய் ஒரு தட்டு மட்டும் கழுவுவாள். சாவி கொடுக்க ஆளில்லாமல் சுவர்க் கடிகாரமும் நின்றுவிட்டது. கொடுக்க அவளுக்கு மனமில்லை. அதனிடம் இனி யார் பேசப் போகிறார்கள்?

இப்படி நாள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படம் திரும்பி வந்தது.

வாங்கிப்போனவர் ஒரு பல் டாக்டர். முதலாளி படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தார்.

“மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதையா இருக்கு. இவர் மலையைக் கெல்லி ஒரு குழியைப் பிடிச்சிருக்கார். பனியில பாரு, ஒரு பள்ளம். காத்திருக்கிற நோயாளிங்க எல்லாம், ‘என்ன டாக்டர், உங்க மலைக்கே சொத்தை விழுந்திருக்கே’ன்னு கேலி பண்றாங்களாம்.”

ஏரிக்காரர் பக்கத்து மேசையிலிருந்து குரல் கொடுத்தார். “ஊர்ப் பல்லெல்லாம் அடைக்கிறவர், இதையும் அவரே அடைச்சுக்க வேண்டியதுதானே!”

“அடைக்கலாம், அப்புறம் சிமென்ட் மலையாயிடும். நீ வேலையைப் பாருய்யா. மலையம்மா, கொஞ்சம் வெள்ளை வெச்சு அடைச்சு விட்டுடு. திங்கட்கிழமை ஆள் வந்து எடுத்துக்குவாங்க.”

அவள் தலையாட்டிவிட்டுக் கத்தியை எடுத்தாள். வெள்ளையை அள்ளினாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

கத்தி அந்தரத்தில் நின்றது.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பனியின் நடுவாந்தரத்தில், அகன்று தட்டையான ஒரு குழி. அதன் ஓரத்தில் பிறைபோல ஒரு நகத்தடம். அந்தத் தடத்துக்குள் மெல்லிய கோடாக ஒரு நீலம்.

மேலே பார்த்தாள். வட்ட வட்டமாய்த் தேய்த்த மேகம். அவருடைய வானம். கீழே தன்னுடைய மலை. ஜலதோஷத்தோடு அரைகுறையாக முடித்துவிட்டுப் போன அந்த மலை. வலது பக்கப் பாறையில் அன்றைக்குக் கை நடுங்கி விழுந்த ஒரு சறுக்கல்கூட அப்படியே இருந்தது.

“தம்பி, இங்க வா” என்றாள் ஏரிக்காரரிடம். “இந்தப் படத்துக்கு மரம் போட்டது நீதானே? இந்தக் குழியை நீ அப்பவே பாக்கலையா?”

ஏரிக்காரர் குனிந்து பார்த்தார். விளையாட்டுப் பேச்செல்லாம் சட்டென்று முகத்தைவிட்டுப் போய்விட்டது.

“பாத்தேன்க்கா. அன்னிக்கு நீங்க மதியமே போயிட்டீங்க. சாயங்காலம் இதை நான் எடுக்க வந்தேன். அண்ணன்தான் வேண்டாம்னார். ‘இதை இன்னிக்குத் தொடாதே. நாளைக்கு உங்க அக்கா வந்து ஒரு தரம் பாக்கட்டும். அப்புறம் எடுத்துக்க’ன்னார். என்னண்ணே, இப்படிக் குழி விழுந்திருக்கேன்னு கேட்டேன். ‘அதை அவ பாத்துக்குவா’ன்னு சிரிச்சார். மறுநாள்...” அவர் குழியிலிருந்து கண்ணை எடுத்தார். “மறுநாள் அப்படியாயிடுச்சு. நீங்க வரவே இல்ல. அவசரம்னு முதலாளி கேட்டார். நான் மரத்தைப் போட்டுக் கொடுத்துட்டேன். குழியில கை வெக்கல. அவர் சொன்னதை மறந்தே போயிட்டேன்க்கா.”

“அதை அவ பாத்துக்குவா.” அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

எத்தனை நாள் கழித்து அந்த விரல் மறுபடி அவள் பனிக்கு வந்திருக்கிறது! ‘இன்னும் கோபமா?’ என்று கேட்டுவிட்டு, ‘நாளைக்கு வெயில் நல்லா இருக்கும்போல’ என்று கடிகாரத்திடம் சொல்லிவிட்டு, விடிந்ததும் அவள் பார்ப்பாள் என்று நம்பித் தூங்கப் போயிருக்கிறார். அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்! தெய்வமே, அந்தப் போர்வையை அவள் ஏன் இழுத்தாள்!

கத்தியிலிருந்த வெள்ளை மேசையில் சொட்டியது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் முதலாளி வந்தபோது குழி அப்படியே இருந்தது. “என்னம்மா, இன்னும் அடைக்கலையா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். ஏரிக்காரர் அவரை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். முதலாளி திரும்பி வந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அவரும் மனிதர்தானே. அந்தப் போட்டோ அவருடைய அறைச் சுவரில் இன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது.

“நீ இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. டாக்டருக்கு வேற ஒண்ணு கொடுத்துக்கறேன். குழியை நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். இது உன்னுது” என்றார்.

அவளுக்கு வேறென்ன வேண்டும்? இந்த உலகத்தில் அவள் பனியில் அவருடைய விரல் பதிந்தது இனி இது ஒன்றுதான் மிச்சம். பழைய செய்தித்தாள் சுற்றினால் பனியில் ஒட்டிக்கொள்ளும் என்று சுற்றாமலே எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில், குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அம்மாள், “எந்த ஊர் மலைங்க இது?” என்று கேட்டாள்.

“எங்க வீட்டு மலை” என்றாள்.

நின்றுபோன கடிகாரத்தை இறக்கிவிட்டு, அந்த ஆணியிலேயே படத்தை மாட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். எழுந்துபோய்த் தன் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தாள். அவள் விரல் சிறியது. குழியில் சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது.

“என்னங்க” என்றாள். கதவைப் பார்க்காமல், படத்தைப் பார்த்து. அந்த ஒரு சொல் வாயிலிருந்து வர இத்தனை காலம் பிடித்தது.

இரண்டு நாள் விடுமுறை. பார்த்துக்கொண்டே இருந்தாள். சமைக்கும்போது எட்டிப் பார்த்தாள். தட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தாள். முதல் நாள் அந்தக் குழி அவளுக்குத் துணையாக இருந்தது. இரண்டாம் நாள் மதியம் ஆனபோது அவளுக்கு வேறொன்று தோன்ற ஆரம்பித்தது. அறையில் யாரோ நடக்கிற மாதிரி. பிரஷ் கழுவும் தொட்டிக்கும் மேசைக்குமாக. நாலு தரம். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

குழி அப்படியே இருக்கிறதா? அப்படியே இருக்கிறது. இன்னும் கோபமா? இன்னும் கோபம்தான் போலிருக்கிறது.

அவர் முகம் தொங்கிப்போனது.

அவள் வாய்விட்டு அழுதாள். இதைச் சுவரில் மாட்டி வைத்தால் மனுஷன் ஆயுசுக்கும் அந்தத் தொட்டிக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். தடவிவிட்டாலோ, அவருடைய விரலை அவளே தன் கையால் மூடியவளாவாள். வைத்துக்கொண்டால் பதில் இல்லை. பதில் சொன்னால் அவர் இல்லை. இப்படி ஒரு கணக்கை யாருக்கும் ஆண்டவன் போடக் கூடாது.

திங்கட்கிழமை படத்தோடு பட்டறைக்குள் நுழைந்தாள். முதலாளி பதறிக்கொண்டு வந்தார்.

“ஏம்மா திருப்பிக் கொண்டு வந்துட்டே? நான்தான் வெச்சுக்கச் சொன்னேனே.”

“குழியை அடைக்கணும் சார். டாக்டர் காத்துட்டிருப்பார்.”

“அதுக்கு அவசியமே இல்லம்மா. அது வந்து... அந்த போட்டோவை வேணா எடுத்துடட்டுமா? ரொம்ப நாளா நானே நெனச்சுட்டிருக்கேன்.”

அவள் யோசித்தாள். கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகம் அவளுக்கு நினைவிருந்தது. எங்கே பார்க்கிறார் என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரியும். பின்னால் நின்ற அவளைத்தான்.

“இருக்கட்டும் சார். வானம் அவருதுதானே” என்றாள்.

நாள் முழுவதும் மற்ற வேலைகளைப் பார்த்தாள். சாயங்காலம் ஆகட்டும் என்று காத்திருந்தாள். அவர்களுடைய சண்டைகள் தீர்கிற நேரம் அதுதான். ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகியபோது படத்தை எடுத்துத் தன் மேசையில் சாய்த்தாள். வெள்ளையைப் பிசைந்தாள். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்தாள். புது வானக்காரர் ஏதோ கேட்க வந்தார். ஏரிக்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டார்.

ஒருதரம், ஒரே ஒருதரம், அந்த நகத்தடத்தின் நீலத்தைக் குனிந்து பார்த்தாள்.

“இல்லங்க. கோபம் இல்ல” என்றாள்.

கத்தி இறங்கியது. வெள்ளை அந்தக் குழிக்குள் போய், நகம் வரைக்கும் போய் நிறைந்து, மேலே வழுவழுவென்று ஒரே இழுப்பில் ஓடிற்று. திரும்பக் கத்தியைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் அழுக்காகிவிடும். உச்சியில் பனி, பழுதில்லாத பனி. அடியில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு அவள் வைத்த வெள்ளை, அவர் விரலின் வடிவத்திலேயே, ஈரமாக.

கத்தியைத் துடைத்தாள். கையைக் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டாள்.

“இதையும் ரேக்குல வெச்சிடு தம்பி. சுத்தக் கூடாது, ஈரம்” என்று ஏரிக்காரரிடம் சொன்னாள்.

“இதை வீட்டுல...”

“தடவின பனியை வெச்சுக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாதுப்பா. அது போயிடும். நாங்க கீழ போயிடுவோம்.”

படியிறங்கினாள். கால் தானாகவே வேகம் பிடித்தது, பைத்தியக்காரக் கால். கேட் திறந்திருந்தது. விளக்குக் கம்பத்தின்கீழ் யாரும் இல்லை. இருக்கமாட்டார் என்று தெரியாதா அவளுக்கு? தெரிந்தும் ஒரு நொடி தேடிய கண்ணை என்ன செய்ய!

அவர் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவள் நின்றதே இல்லை. அங்கிருந்து பார்த்தால் பட்டறையின் மாடிப்படி முழுசாகத் தெரிந்தது. படியின் திருப்பத்தில் ஒரு ஜன்னல், அதன் வழியாக இறங்கி வருகிறவர்களின் தலை முதலில் தெரிகிறது, அப்புறம் தோள், அப்புறம் கை. இவ்வளவு நாளும் அவர் இங்கே நின்று இதைத்தான் பார்த்திருக்கிறார். அவள் தலை, அவள் தோள், அவள் கையில் பை.

பையை இடுப்பில் அணைத்துக்கொண்டு அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவராக இறங்கி வந்து கையாட்டிவிட்டுப் போனார்கள். புது வானக்காரர் போனார். முதலாளி போனார். கடைசியாக ஏரிக்காரர் கேட்டைச் சாத்த வந்தவர், அவளைப் பார்த்துத் தயங்கினார்.

“அக்கா, பஸ் போயிடும்க்கா.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. ஆனாலும் மறைக்கவில்லை.

“போகட்டும்பா” என்றாள். “நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்.”